காட்டினான், காட்டிக்கொடுத்தான்: ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

மதுரையில் 23 வருடமாகத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலமாக்கிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கோர்ட் காகிதங்கள்: சாட்சி வாக்குமூலம், காயச் சான்றிதழ், மகஜர் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு), பத்திரம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ல் திறந்த பிறகு இந்த வேலை கூடிவிட்டது. இடையிடையே ஆராய்ச்சி மாணவர்களின் ஆங்கிலத்தையும் திருத்தித் தருவேன். இத்தனை வருடத்தில் நான் கையை எடுத்துவிட்டு அதிகம் யோசித்தது பெரிய சட்டச் சொற்களுக்காக இல்லை. அவற்றுக்குப் பட்டியல் இருக்கிறது, பார்த்து எழுதிவிடலாம். 'காட்டினார்', 'தெரிவித்தார்', 'வெளியே சொன்னார்' என்று சாதாரணமாக வரும் இடங்களில்தான் யோசிப்பேன். அங்கே ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொல் வரிசையில் நிற்கும். தப்பான ஒன்றை எடுத்தால் சாட்சி சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

என்னிடம் வேலை பழக வந்திருக்கும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையை இங்கே எழுதுகிறேன். முதல் வேலை, 'வெளிப்படுத்து' என்ற சொல்லை ஒதுக்கி வைப்பது. ரிவீல், டிஸ்க்ளோஸ், எக்ஸ்போஸ், டைவல்ஜ் என எதை அகராதியில் தேடினாலும் 'வெளிப்படுத்து' என்றுதான் வந்து நிற்கும். அந்த ஒரே வாசல் வழியாகப் போனால் நாலும் ஒன்றுபோலவே தெரியும். அதற்குப் பதிலாக, இதே விஷயத்தை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டு, சுட்டிக்காட்டு, செய்துகாட்டு, விரித்துக்காட்டு, அடையாளம் காட்டு, வெளிக்காட்டு, காட்டிக்கொள், காட்டிக்கொடு என்று தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. அந்தத் துணைச்சொல் எது என்று தெரிந்துவிட்டால் ஆங்கிலச் சொல் பாதி கிடைத்த மாதிரி.

ஷோ என்ற சொல்லில் தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அதை மட்டமாக நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் சொல் என்று எண்ணி வேறொன்றைத் தேடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் மேல் பெரிய மரியாதை. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு 'பார்' என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் 'பார்' என்ற பொருளிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'பார்க்கச் செய்' என்று திரும்பிக்கொண்டது. நம்மிடம் உண் என்பதிலிருந்து ஊட்டு வந்தது, காண் என்பதிலிருந்து காட்டு வந்தது. அதே உறவுதான். ஷோ என்றால் ஒருவர் கண்ணில் ஒன்றைப் படவைப்பது, அவ்வளவுதான். அது முன்பு மறைந்திருந்ததா, காட்டியவர் நல்லவரா, காட்டப்பட்டவருக்கு அவமானமா என்று அந்தச் சொல் எதுவுமே சொல்லாது. சாட்சியும் அப்படி எதுவும் சொல்லாதபோது ஷோ தவிர வேறு எதைப் போட்டாலும் அது நம் சரக்கு.

இலக்கணத்திலும் அதற்கு ஒரு தனி உரிமை உண்டு. 'எனக்குக் கடிதத்தைக் காட்டினார்' என்பதை ஷோட் மீ தி லெட்டர் என்று நேராகச் சொல்லலாம். ரிவீல், டிஸ்க்ளோஸ், டெமான்ஸ்ட்ரேட், டிஸ்ப்ளே இவற்றுக்குப் பின்னால் 'மீ' நேராக ஒட்டாது, இடையில் 'டு' வேண்டும். அப்புறம், டிஸ்க்ளோஸ்ட் அபௌட் என்று எழுதும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. 'நோயைப் பற்றி' என்பதில் உள்ள 'பற்றி' ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. டிஸ்க்ளோஸ் செய்வது நோயையே, நோயைப் பற்றி இல்லை. 'அபௌட்' வேண்டாம்.

இப்போது ரிவீல். நம் ஊர் ஆய்வேடுகளில் மிக அதிகமாக நான் அடித்துத் திருத்துவது இந்தச் சொல்லைத்தான். ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழேயும் தி அபவ் டேபிள் ரிவீல்ஸ் தட் என்று ஒரு வரி இருக்கும். அட்டவணை எதையும் மறைத்து வைத்திருக்கவில்லையே. மேலேயே எல்லா எண்ணும் கண்முன் இருக்கிறது. அங்கே ஷோஸ் போதும். ரிவீல் என்பதன் லத்தீன் மூலத்தில் முகத்திரை இருக்கிறது: திரையை விலக்குவது. கோயிலில் அபிஷேகம் முடிந்ததும் திரை போட்டுவிடுவார்கள். உள்ளே அலங்காரம் நடக்கும், நாம் வெளியே காத்துக்கொண்டு நிற்போம். மணி அடித்துத் திரை விலகும்போது அம்மன் மூக்குத்தியோடு நிற்பாள். அந்தத் திரை விலகுவதுதான் ரிவீல். அதற்குப் பிறகு குருக்கள் தீபத்தைத் தூக்கிப் பிடித்து முகத்தைக் காட்டுகிறாரே, அது ஷோ. திரை இருந்திருக்க வேண்டும், உள்ளே ஒன்று இருந்திருக்க வேண்டும், வெளியே ஒருவர் அதைத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் ரிவீல் எழுதுங்கள். ஐநூறு பேரிடம் கேட்டுத் தொகுத்த பதில்களுக்குள் யாரும் எதிர்பார்க்காத ஒரு தொடர்பு கணக்குப் போட்ட பிறகு தெரியவந்தால், அந்தக் கணக்கு ரிவீல்ஸ் என்பது நியாயம். ஸ்கேனில் உள்ளே இருந்த கட்டி தெரிந்தால் ரிவீல்ட் சரி. வெளிக்காயத்துக்கு அது சரியில்லை.

சிலை விஷயத்தில் சின்னதாக ஒன்று. நாம் 'சிலையைத் திறந்து வைத்தார்' என்கிறோம். ஆங்கிலத்தில் ஓபன்ட் என்று எழுதினால் சிலைக்குக் கதவு வந்துவிடும். அங்கே அன்வெய்ல். 2000 ஜனவரி 1-ல் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைத் திறந்ததும் அன்வெய்ல், இறந்தவர் வீட்டில் நடக்கும் படத்திறப்பும் அன்வெய்ல். கட்டடத்துக்கு இது ஆகாது.

டிஸ்க்ளோஸ் வேறு ஊர்க்காரர். மூடியிருந்ததைத் திறப்பது என்று அதன் மூலம் சொல்கிறது, ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அதில் கடமையின் வாடை பலமாக வீசும். சொல்ல வேண்டியவர், சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்வது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 8-ஆம் பிரிவு எதையெல்லாம் தர வேண்டியதில்லை என்று சொல்லும்போது டிஸ்க்ளோஷர் என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்ற விதியின் தலைப்பிலும் அதே சொல், பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 72. ஆகவே இன்சூரன்ஸ் தகராறில் 'சர்க்கரை இருப்பதைச் சொல்லவில்லை' என்று வந்தால், டிட் நாட் டிஸ்க்ளோஸ் என்று எழுதும்போதே அவருக்குச் சொல்லும் கடமை இருந்தது என்ற பொருளும் சேர்ந்து வந்துவிடுகிறது. நிறுவனத்தின் மனுவை மொழிபெயர்க்கும்போது அது சரியான சொல். அந்த மனிதரின் மனைவி சாட்சிக் கூண்டில் நின்று 'அவர் யார்கிட்டயும் சொல்லல' என்றால், அங்கே டிட் நாட் டெல் எனிஒன் என்றுதான் எழுத வேண்டும். அவர் கடமையைப் பற்றிப் பேசவில்லை, கணவரின் சுபாவத்தைப் பற்றிப் பேசுகிறார்.

இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பது குழந்தைகளின் வாக்குமூலங்களில். ஒரு சிறுமி 'அத்தைகிட்ட சொன்னேன்' என்று சொல்லியிருந்தால் ஐ டோல்ட் மை ஆன்ட், அவ்வளவுதான். ரிவீல்ட் என்று போட்டால் அவள் ரகசியம் காத்தவள் மாதிரி ஆகிவிடும். கன்ஃபெஸ்ட் என்று ஒருவர் எழுதியதை என் கண்ணால் பார்த்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கன்ஃபெஸ் செய்வது தப்புச் செய்தவர்.

டைவல்ஜ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் மூலத்தில் பொதுஜனம் இருக்கிறது, 'ஊருக்குச் சொல்வது'. ரகசியத்தோடுதான் வரும், பெரும்பாலும் மறுப்போடு வரும்: சொல்ல மறுத்தார், சொல்லக் கூடாது.

எக்ஸ்போஸ் என்பதற்கு நம்மிடம் அச்சாக ஒரு சொல் உண்டு: அம்பலப்படுத்து. அம்பலம் என்றால் எல்லோரும் கூடும் பொது இடம், வெட்டவெளி. லத்தீனிலும் அது வெளியே கொண்டுபோய் வைப்பது. இரண்டு மொழியும் ஒரே இடத்தில் கால் வைத்திருக்கின்றன. ஊழலை எக்ஸ்போஸ் செய்தார் என்பதில் குழப்பமே வராது. குழப்பம் வருவது உடம்பில். காயச் சான்றிதழ் ஒன்றைப் பாருங்கள்: வலது முழங்காலுக்குக் கீழே 8 செ.மீ. நீளத்தில் வெட்டுக்காயம், எலும்பு வெளியே தெரிகிறது. என்னிடம் வேலை பழகும் பெண் முதலில் விசிபிள் என்று எழுதினாள், தப்பில்லை. ஆனால் டாக்டர்கள் எழுதும் சொல் எக்ஸ்போஸ்ட். தோலும் சதையும் போர்வை, அது போய்விட்டது, எலும்பு காற்றுக்கும் தூசிக்கும் கிருமிக்கும் நேராக நிற்கிறது. எக்ஸ்போஸ் என்பதன் உயிர் அங்கே இருக்கிறது: காவல் போய்விட்டது. குளிர், வெயில், தொற்று, ரசாயனம் எல்லாவற்றோடும் அது சேர்வதற்கும் அதுதான் காரணம். கல் உடைக்கும் இடத்தில் பன்னிரண்டு வருடம் தூசியில் வேலை பார்த்தவர் வாஸ் எக்ஸ்போஸ்ட் டு டஸ்ட். இதைத் திருப்பித் தமிழாக்கும்போது 'தூசிக்கு வெளிப்படுத்தப்பட்டார்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். 'தூசியிலேயே கிடந்து வேலை பார்த்தார்' என்றால் படிக்கிறவருக்கு நெஞ்சில் உறைக்கும்.

டிஸ்ப்ளே என்பதன் மூலத்தில் மடிப்பு இருக்கிறது, மடித்ததைப் பிரிப்பது. ஜவுளிக்கடையில் பாய் போட்டு உட்கார்ந்து புடவையை உதறி விரிப்பாரே, முந்தி ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், பார்டர் மடியில் வந்து விழும். அதுதான் அந்தச் சொல்லின் பழைய படம். இன்று அது கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு புடவையைக் காட்டினால் ஷோ, வருகிற போகிற எல்லோரும் பார்க்க அடுக்கி வைத்தால் டிஸ்ப்ளே. எக்ஸிபிட் இதற்குப் பக்கத்து வீடு, ஆனால் அதில் 'எடுத்து நீட்டுவது' இருக்கிறது, ஆராய்ந்து பார்த்துக்கொள் என்று. அதனால்தான் கோர்ட்டில் குறியிடப்படும் ஆவணம் எக்ஸிபிட் ஆனது. நோய் அறிகுறிகளும் எக்ஸிபிட் ஆகும், ஏனென்றால் டாக்டர் அவற்றை ஆராய்கிறார்.

செய்துகாட்டினால் டெமான்ஸ்ட்ரேட். குறுக்கு விசாரணையில் 'எப்படிப் பிடித்தான்?' என்று வக்கீல் கேட்க, சாட்சி தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுகிறார். அதுதான் தூய டெமான்ஸ்ட்ரேட். ஆய்வுக் கட்டுரையிலும் சோதனை செய்து, வேறொருவர் திரும்பச் செய்தாலும் அதுவே வரும் என்ற உறுதி இருந்தால் மட்டும் அதை எழுதச் சொல்வேன். நாற்பது பேரிடம் வாங்கிய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு டெமான்ஸ்ட்ரேட் வேண்டாம். சஜஸ்ட் போதும், கட்டுரைக்கு அதனால் மரியாதை குறையாது.

இனி, எனக்குப் பாடம் சொன்ன சொல். காட்டிக்கொடு.

வழிப்பறி வழக்கு ஒன்று. சாட்சி ஒரு டீக்கடைக்காரர். போலீஸ் வந்து விசாரித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர், 'எங்க கடைப் பையன்தான் அந்த ஆளக் காட்டிக் கொடுத்தான்' என்று முடித்திருந்தார். எனக்கு அப்போது ஆறேழு வருட அனுபவம்தான். காட்டிக்கொடு என்றால் பிட்ரே என்று மனதில் பதிந்திருந்ததால், பையன் பிட்ரேட் ஹிம் டு தி போலீஸ் என்று எழுதிவிட்டேன். கோர்ட்டில் தாக்கல் செய்யும் டைப் அடித்த தொகுப்பை (டைப்டு செட்) கட்டி முடித்து, 'இது உண்மையான மொழிபெயர்ப்பு' என்று சான்றுக் கையெழுத்தும் போட்டாயிற்று. சாயங்காலம் வக்கீல் போன் செய்தார். "மேடம், இந்தப் பையன் கூட்டாளியா?" எனக்குப் புரியவில்லை. "இல்ல சார், டீ கொடுக்கிற பையன்." "அப்ப ஏன் பிட்ரேட்? ஆங்கிலத்துல படிக்கிறவருக்கு, இவனும் அவனும் ஒரு கூட்டு, இவன் அவனுக்குத் துரோகம் பண்ணிட்டான்னு ஆகுதே." மூலத் தமிழை எடுத்துத் திரும்பப் படித்தேன். பையன் செய்தது இவ்வளவுதான்: போலீஸ்காரர் 'யாரப்பா அது?' என்று கேட்டபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் கையை நீட்டிக் காட்டினான். பாயிண்டட் ஹிம் அவுட். தைத்திருந்ததைப் பிரித்து, அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி, திரும்பக் கட்டிக் கொடுத்தபோது இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஒரு பதினாறு வயதுப் பையனைக் குற்றவாளியின் கூட்டாளி ஆக்கப் பார்த்தேனே என்று பல நாள் மனசு கேட்கவில்லை.

பிட்ரே என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'கையில் ஒப்படைப்பது' என்று பொருள். நம் சொல்லிலும் 'கொடு' இருக்கிறது. இரண்டு மொழியிலும் கொடுப்பதுதான் துரோகமாக மாறியது, அதனால் இந்த ஜோடி இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்ச் சொல் துரோகம் இல்லாமலும் நடமாடும், ஆங்கிலச் சொல் மனிதர்கள் விஷயத்தில் அப்படி நடமாடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: காட்டியவன் மேல் காட்டப்பட்டவன் நம்பிக்கை வைத்திருந்தானா? ஆமாம் என்றால் பிட்ரே. வெறுமனே கை நீட்டினால் பாயிண்ட் அவுட். சந்தேகப்படுபவரை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தும் அணிவகுப்பில் 'இவர்தான்' என்று அடையாளம் காட்டினால் ஐடென்டிஃபை.

பிட்ரே என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு, அங்கே நம் காட்டிக்கொடு அப்படியே உட்காரும். 'தைரியமாகத்தான் பேசினான், ஆனால் கை நடுக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.' ஹிஸ் ஹேண்ட்ஸ் பிட்ரேட் ஹிம். இங்கே காட்டுவது மனிதன் விரும்பாத ஒன்று, அவன் உடம்பே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இந்த இடத்தில் ரிவீல்ட் எழுதினாலும் பொருள் தெரியும், ஆனால் அந்த 'அவனை மீறி' என்பது போய்விடும்.

இதற்கு நேர் எதிர் காட்டிக்கொள். 'வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை' என்றால் டிட் நாட் ஷோ. 'தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை' என்றால் டிட் நாட் லெட் ஆன். 'போலீஸ் என்று காட்டிக்கொண்டு பணம் வாங்கினான்' என்றால் போஸ்ட் ஆஸ். மூன்றிலும் 'கொள்' ஒன்றுதான், ஆங்கிலம் மூன்று பக்கம் போகிறது. தன் உணர்ச்சியா, தனக்குத் தெரிந்ததா, தான் இல்லாத ஒன்றா என்று பார்த்தால் பிரிந்துவிடும்.

கடைசியாக, கோர்ட் வேலையில் காட்டு என்பதற்கு அதிக விலை இருக்கும் இடம். போலீஸ் பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலங்களின் முடிவில் எப்போதும் ஒரு வாக்கியம் வரும்: 'என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்.' போலீசிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதன் மூலம் ஒரு சங்கதி கண்டறியப்பட்டால், அதைப் பற்றிய அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். 1872 சாட்சியச் சட்டத்தில் அது 27-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 23-ஆம் பிரிவின் காப்புரை, அதாவது அந்த விதிக்கு விலக்காகச் சேர்த்த வரி. அதனால் இந்த ஒரே வாக்கியத்தின் மேல்தான் இரு தரப்பு வக்கீல்களின் கண்ணும் இருக்கும்.

இங்கே 'அடையாளம் காட்டி' என்பது ஐடென்டிஃபை ஆகாது, மனிதரை அல்ல, இடத்தைக் காட்டுகிறார். பாயிண்ட் அவுட் அல்லது ஷோ. 'ஆஜர் செய்கிறேன்' என்பது புரொட்யூஸ். போலீஸ் கேட்டால் லைசென்ஸை எடுத்து நீட்டுகிறோமே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவில் அதற்கும் இதே புரொட்யூஸ்தான்: அதிகாரம் உள்ளவர் முன் கையில் எடுத்துக் கொடுப்பது. இரண்டு செயலையும் சேர்த்து வில் ரிவீல் தி நைஃப் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், இடத்தைக் காட்டினாரா, பொருளை எடுத்தாரா, வாயால் சொன்னாரா என்பது தெரியாமல் போகும். வழக்கே அந்த வித்தியாசத்தில் நிற்கலாம். கண்டறிவதற்கு டிஸ்கவர். அது போலீசுக்கு உரிய வினை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் புலுகுரி கோட்டய்யா வழக்கு அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து, அப்போது லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கண்டறியப்பட்ட சங்கதி என்பது ஆயுதம் மட்டுமல்ல, அது இருந்த இடமும், அது அங்கே இருப்பது அந்த மனிதருக்குத் தெரியும் என்பதும் சேர்ந்தது என்று அதில் சொன்னார்கள். அந்த வழக்கில் ஒருவர் ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்ததைச் சொல்லிவிட்டு, 'வந்தால் காட்டுகிறேன்' என்கிறார். தீர்ப்பில் அது ஐ வில் ஷோ இஃப் யூ கம் என்று இருக்கிறது. என்னிடம் வேலை பழகும் பெண் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு பெரிய தீர்ப்புல வெறும் ஷோதானா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு அவள் மேசையில் இருந்த வாக்குமூலத்தில் டிஸ்க்ளோஸ் என்று தட்டியிருந்ததை அவளே அழித்துவிட்டு, பாயிண்ட் அவுட் அண்ட் புரொட்யூஸ் என்று மாற்றினாள்.